ஒரே நாளில் கோவில், போட், பீச்: கடலூர்-சிதம்பரம் ட்ரிப்பில் எதை முதலில் பார்ப்பது? கடலில் எதுவரை இறங்கலாம்?

கடலூர்:

சிங்கப்பூர், மலேசியா என்று வேலைக்கு போய்விட்டு லீவில் ஊருக்கு வருபவர்கள் செல்போனில் போட்டோ காட்டுவார்கள். காலையில் தீவுக்கு போட், கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மீன் பார்த்தது, மதியம் வாட்டர் தீம் பார்க்கில் சறுக்கியது, சாயந்திரம் ஊர் சுற்றியது என்று எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கும். அதை பார்த்துவிட்டு வீட்டில் பிள்ளைகள் "நாமளும் போலாம்பா" என்று ஆரம்பித்து விடுகிறார்கள்.

தினக்கூலிக்கும், கம்பெனி ஷிப்ட்டுக்கும் போகிறவருக்கு கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளுக்கு நமது மாவட்டத்திலேயே நல்ல ட்ரிப் இருக்கிறது. சிதம்பரம் நடராஜர் கோவில், பிச்சாவரம் படகு சவாரி, கடலூர் சில்வர் பீச். மூன்றும் சேர்ந்து காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் தூரம்தான். ஆனால் வேன் பிடித்து வருகிறவர்களில் பலர் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு பாதியை பார்க்காமலே திரும்புகிறார்கள். பீச்சுக்கு நல்ல வெயிலில் போகிறார்கள், கோவிலுக்கு கதவு சாத்தின பிறகு போகிறார்கள், பிச்சாவரத்தில் கவுண்டர் மூடும் நேரத்துக்கு போய் நிற்கிறார்கள். இதையாவது அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கடலில் இறங்குகிற விஷயத்தில் அடுத்த முறை என்பது கிடையாது. அதனால் அதைப்பற்றி கொஞ்சம் விரிவாகவே கீழே எழுதியிருக்கிறது.

மீன் பார்க்கும் குளியல் இங்கே ஏன் இல்லை?

முதலில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு பதில். கண்ணாடி மாட்டி, வாயில் குழாய் வைத்துக்கொண்டு தண்ணீர் மேலே மிதந்தபடி அடியில் இருப்பதை பார்ப்பதை ஸ்நார்க்லிங் என்கிறார்கள். இதற்கு தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். அடியில் பார்க்கிற மாதிரி பவளப்பாறை இருக்க வேண்டும். கடலூர் கரையில் இரண்டும் கிடையாது.

காரணம் நமது ஆறுகள்தான். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக வந்து இந்த கரையில்தான் கடலில் கலக்கின்றன. அவை கொண்டு வரும் வண்டலும் சேறும் கடலோரத்தை கலங்கலாகவே வைத்திருக்கும். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், தெளிந்த உப்புத் தண்ணீர் வேண்டும். சேறு படிந்தால் அது செத்துவிடும். தமிழ்நாட்டில் பவளப்பாறை பார்க்க வேண்டுமானால் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள மன்னார் வளைகுடா பக்கம்தான் போக வேண்டும். அங்கே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் அரசு 1986-ல் தேசிய பூங்காவாக அறிவித்தது. அது ஒரு நாள் ட்ரிப்பில் அடங்காது.

ஆனால் பவளத்தை வரவிடாத அதே சேறுதான் நமக்கு பிச்சாவரம் காட்டை கொடுத்திருக்கிறது. வண்டலும், உப்பும், நல்ல தண்ணீரும் கலக்கும் இடத்தில்தான் சுரபுன்னை வளரும். ஆக, நமக்கு கிடைக்காததும் ஆற்றால்தான், கிடைத்ததும் ஆற்றால்தான்.

முதலில் கோவில்

எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதலில் சிதம்பரம் போய்விட வேண்டும். நடராஜர் கோவில் காலை 6 மணி வாக்கில் திறந்து பகல் 12 மணிக்கு சாத்துவார்கள். மறுபடி திறப்பது மாலை 5 மணிக்குத்தான். 11 மணிக்கு போட் ஏறிவிட்டு, சாப்பாட்டையும் முடித்துவிட்டு 2 மணிக்கு கோவில் வாசலில் வந்து உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் வீண். இந்த தப்பை செய்கிறவர்கள் ஏராளம். சன்னதி தெருவில் மதியம் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவர்களை கேட்டால் தெரியும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். காலை 5.30 மணிக்கு பஸ் ஏறினால் 7 மணிக்குள் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி விடலாம். அங்கிருந்து கோவிலுக்கு நடை தூரம்தான். ரெயிலில் வருகிறவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். கடலூரில் இரண்டு ஸ்டேஷன். ஊருக்கு நடுவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர். முதுநகரில் இருப்பது கடலூர் துறைமுகம் ஜங்ஷன். வண்டி எதில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டு ஏற வேண்டும்.

கோவிலுக்குள் போக கட்டணம் இல்லை. நான்கு பக்கமும் நான்கு ராஜகோபுரங்கள். கோபுர வாசல் வழியாக நுழையும்போது தலையை நிமிர்த்தி இரண்டு பக்க சுவரையும் பாருங்கள். பரதநாட்டியத்தின் 108 கரணங்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பலர் இதை பார்க்காமலே உள்ளே ஓடி விடுகிறார்கள். பொன் வேய்ந்த கூரைக்கு கீழே நடராஜர். பக்கத்தில் திரை விலக்கி தங்க வில்வ மாலை மட்டும் தொங்குவதை காட்டுவார்கள். அதுதான் சிதம்பர ரகசியம். நடராஜரை பார்த்து நிற்கும் இடத்திலிருந்தே கோவிந்தராஜ பெருமாளையும் சேவிக்கலாம். சிவன், பெருமாள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நின்று கும்பிடுவது இந்த கோவிலின் விசேஷம். ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கை குளம் எல்லாம் சுற்றி வர ஒன்றரை மணி நேரம் போதும்.

கனகசபை மேலே ஏறி தரிசிப்பது பற்றி பத்திரிகைகளில் நிறைய படித்திருப்பீர்கள். பக்தர்கள் ஏறலாம் என்று தமிழக அரசு 2022 மே மாதம் அரசாணை போட்டது. ஆனி திருமஞ்சனம் போன்ற திருவிழா நேரங்களில் இதில் தீட்சிதர்கள் தரப்புக்கும் அதிகாரிகளுக்கும் தகராறு வந்ததும் உண்டு. கோவில் நிர்வாகம் தீட்சிதர்களிடமே இருக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது 2014 ஜனவரி 6-ந்தேதி. அன்றன்றைக்கு உள்ள நிலவரத்தை அங்கேயே கேட்டுக்கொண்டு தரிசனம் செய்வது நல்லது. உள்ளே போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. ஆனி, மார்கழி தரிசன நாட்களில் ஊரே நிரம்பி வழியும். அந்த நாட்களில் இந்த ட்ரிப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். கோவிலே ஒரு நாளை சாப்பிட்டுவிடும்.

காலை டிபனை சிதம்பரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு கத்தரிக்காய் கொத்சு வைக்கும் கடையாக பார்த்து உட்காருங்கள். மற்ற ஊர் சாம்பாரை விட்டுத்தள்ளலாம்.

பிச்சாவரம்: துடுப்பு படகா, மோட்டார் போட்டா?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர். டவுன் பஸ் இருக்கிறது. ஆனால் நினைத்த நேரத்துக்கு வராது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலேயே போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் கேட்டு குறித்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து பேர் என்றால் ஆட்டோ பேசுவது ஒத்து வரும். திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.

வழியில் கிள்ளையை சும்மா தாண்டிப் போகாதீர்கள். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சாமி தீர்த்தவாரிக்கு கிள்ளை கடற்கரைக்கு வரும்போது, இங்குள்ள தைக்காலில் இஸ்லாமியர்கள் வரவேற்பு கொடுத்து மரியாதை செய்வார்கள். வருஷா வருஷம் நடக்கிற இந்த வரவேற்பு வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாக தெரியாது.

பிச்சாவரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இருக்கிறது. இங்கே கட்டணம் ஆள் கணக்கு இல்லை, படகு கணக்கு. எத்தனை பேர் ஏறும் படகு, எவ்வளவு நேரம் என்பதை வைத்து போர்டில் எழுதியிருக்கும். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் முழு படகுக்கு கட்ட வேண்டியதுதான். அதனால் கவுண்டரிலேயே இன்னொரு சின்ன குடும்பத்தோடு பேசி சேர்ந்து ஏறினால் செலவு பாதியாகும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எல்லோரும் செய்வதுதான்.

மோட்டார் போட் என்றால் வேகம், சத்தம், பிள்ளைகளுக்கு குஷி. ஆனால் அது அகலமான வாய்க்காலில் மட்டும்தான் போகும். காட்டுக்குள்ளே, இரண்டு பக்கமும் கிளை பின்னி குகை மாதிரி இருக்கும் சின்ன வாய்க்காலுக்குள் நுழைய துடுப்பு படகால்தான் முடியும். பிச்சாவரத்தை பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குள் போயிருக்க வேண்டும். துடுப்பு படகுக்கு கட்டணமும் குறைவு. உள்ளே கூட்டிப் போக தனியாக ஏதாவது தர வேண்டுமா என்பதை கரையிலேயே படகுக்காரரிடம் "என்னண்ணே, எதுவரை போவீங்க, எவ்வளவு நேரம்?" என்று தெளிவாக கேட்டுவிடுங்கள். நடு வாய்க்காலில் பேரம் பேசினால் இரண்டு பேருக்குமே மனக்கசப்பு.

நேரம் இங்கே முக்கியம். இது குளம் இல்லை, கடலோடு சேர்ந்த தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் சுமார் 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் முக்கால் மணி, 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பவுர்ணமி சமயம் இந்த வித்தியாசம் அதிகமாக தெரியும். வற்றின நேரத்தில் போனால் சின்ன வாய்க்காலில் படகு சேற்றில் தட்டும், உள்ளே போக முடியாது. அன்றைக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்பது படகு ஓட்டுகிறவர்களுக்கு அத்துப்படி. கேட்டால் சொல்வார்கள். அரை மணி காத்திருந்து ஏறினாலும் பரவாயில்லை. கோடை காலம் என்றால் 11 மணிக்கு முன்பே படகில் ஏறிவிட பாருங்கள். அதற்கு மேல் தண்ணீரில் பட்டு எதிரடிக்கும் வெயிலை தாங்க முடியாது. துண்டோ தொப்பியோ கட்டாயம்.

மரத்தையும் கொஞ்சம் பாருங்கள்

படகில் ஏறினதும் செல்பி எடுக்க ஆரம்பித்து, இறங்கும்போதுதான் நிமிர்ந்து பார்க்கிற ஆட்கள் உண்டு. செல்போன் தண்ணீரில் விழுவதும் இங்கே சகஜம்.

இந்த மரங்களுக்கு வேர் வெளியே இருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் ஒரு வகை மரம் ஈட்டியை நட்டு வைத்தது மாதிரி சேற்றுக்கு மேலே வேரை நீட்டி மூச்சு விடும். இன்னொரு வகை, கூடாரத்துக்கு முட்டு கொடுத்த மாதிரி நாலு பக்கமும் வேரை இறக்கி நிற்கும். அதுதான் சுரபுன்னை. அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாக தொங்கும். விழுந்தால் நேராக சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு இடத்தில் முளைக்கும். வேர்களுக்கு நடுவில்தான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சாக வளர்ந்து கடலுக்கு போகின்றன. இந்த காட்டில் இருளர் மக்கள் வலை இல்லாமல் கையாலேயே சேற்றில் தடவி இறால் பிடிப்பதை பார்க்கலாம்.

தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்கு தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இப்போது ஊருக்குள் அந்த காடு இல்லை. தில்லை பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் பட்டால் கொப்பளம் வரும். பிள்ளைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் ஆளி ஓடு பிளேடு மாதிரி அறுக்கும். படகை விட்டு சேற்றில் கால் வைக்கக்கூடாது.

எம்.ஜி.ஆரின் இதயக்கனி படம் 1975-ல் வந்தது. அதில் பிச்சாவரம் வந்ததிலிருந்துதான் ஊர் பேர் வெளியே தெரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2008-ல் தசாவதாரம், 2017-ல் துப்பறிவாளன் என்று பிறகும் இங்கே படம் எடுத்தார்கள். 2022-ல் இந்த காடு ராம்சர் என்கிற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர்.

இதே காடு ஒரு காலத்தில் பாதி அழிந்து கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி கூப்பு போட்டு விறகுக்கு மொத்தமாக வெட்டினார்கள். வெட்டின இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி உப்பு ஏறி, மறுபடி எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களை சேர்த்துக்கொண்டு மீன் முள் மாதிரி கிளை கிளையாக வாய்க்கால் வெட்டின. கடல் தண்ணீர் வந்து போக ஆரம்பித்த பிறகுதான் கன்று பிழைத்தது. படகில் போகும்போது நேர்கோட்டில் வெட்டின மாதிரி வாய்க்கால் தெரிந்தால் அப்படி வெட்டியதாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது தமிழ்நாட்டில் அதிகம் பாதித்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 600 பேருக்கு மேல் இறந்தனர். கடலை பார்த்து மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டுக்கு பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காடு மட்டும்தான் காப்பாற்றியதா, ஊர் மேட்டில் தள்ளி இருந்ததும் காரணமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் உண்டு. அந்த ஊர்க்காரர்களை கேட்டால் காட்டைத்தான் கையெடுத்து கும்பிடுகிறார்கள்.

லைப் ஜாக்கெட் போடாமல் எந்த படகிலும் ஏறாதீர்கள். "ஆழமில்ல சார், இடுப்பளவுதான்" என்று யார் சொன்னாலும் சரி. இடுப்பளவு தண்ணீருக்கு கீழே முழங்கால் அளவு சேறு. பிள்ளைக்கு அளவான ஜாக்கெட் கேட்டு வாங்கி, பட்டையை நீங்களே இழுத்து பாருங்கள். கவுண்டரில் கூட்டம் என்று சொல்லி வெளியே தனியாக மீன்பிடி படகு பேசி ஏறுவது வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 25-ந்தேதி பழவேற்காடு ஏரியில் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த குடும்பத்தினர் அப்படி ஒரு படகில் போய்த்தான் 20 பேருக்கு மேல் மூழ்கி இறந்தனர். கேரளாவில் தானூரில் 2023 மே 7-ந்தேதி கவிழ்ந்த படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். அதில் 22 பேர் செத்தார்கள். அதிலும் நிறைய குழந்தைகள்.

கடைசியாக பீச்

12 மணி வாக்கில் கரை ஏறினால், கிள்ளை பக்கமோ சிதம்பரத்திலோ மீன் சாப்பாடு. 2 மணி பஸ்சை பிடித்தால் 3.30-க்கு கடலூர். நேரம் இருந்தால் நடுவில் பரங்கிப்பேட்டையில் இறங்கலாம். போர்ச்சுக்கீசியர் வியாபாரம் செய்த ஊர் இது. 1781-ல் ஐதர் அலிக்கும் வெள்ளைக்காரனுக்கும் பெரிய சண்டை நடந்த ஊர். ஆனால் பிள்ளைகளோடு வரும் ட்ரிப்பில் இதையும் சேர்த்தால் மூச்சு வாங்கும். விட்டுவிடலாம்.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சில்வர் பீச்சுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். இது தேவனாம்பட்டினம் கடற்கரை. 4.30 மணிக்கு மேல் போனால் சூரியன் முதுகுக்கு பின்னால் இறங்கிவிடும், கடல் காற்று வரும். பக்கத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-ல் வெள்ளைக்காரன் மராட்டியரிடமிருந்து இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள கிராமம் எல்லாம் சேர்த்து என்று பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் கடலூரில் வழங்கும் பெயர்களை இந்த கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 1746 முதல் 1752 வரை சென்னை மாகாணத்துக்கே இதுதான் தலைமை இடம். ராபர்ட் கிளைவ் இங்கே அதிகாரியாக இருந்தவர். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்து தள்ளிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

சுண்டல், பஜ்ஜி, வறுத்த மீன் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாட்டர் பார்க் இல்லாத குறை இங்கே தீர்ந்துவிடும். அங்கேதான் ஆபத்தும் ஆரம்பிக்கிறது. வாட்டர் பார்க்கில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எழுதி வைத்திருப்பான், விசில் ஊத ஒரு ஆள் நிற்பான். கடலில் நேற்று மேடாக இருந்த இடம் இன்றைக்கு பள்ளமாக இருக்கும்.

அலை இழுப்பது எப்படி?

அலையில் சிக்கி வாலிபர் பலி என்று மாதம் ஒரு முறையாவது எங்காவது ஒரு கடற்கரையிலிருந்து செய்தி வருகிறது. உண்மையில் ஆளை கொல்வது கரைக்கு வரும் அலை இல்லை. கரையில் வந்து மோதின தண்ணீர் மொத்தமும் திரும்பி கடலுக்கு போக வேண்டும். அது பரவலாக போகாமல், மணல் மேட்டுக்கு நடுவில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த சந்து வழியாக வாய்க்கால் மாதிரி வேகமாக பாயும். அந்த இடத்தில் நிற்கிறவரை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல நீச்சல்காரனாலும் அந்த வேகத்தை எதிர்த்து கரைக்கு வர முடியாது.

இதில் ஏமாறுவதற்கு காரணம் ஒன்று இருக்கிறது. அந்த சந்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, செம்மண் நிறத்தில் தண்ணீர் இருக்கும். "இங்க அலையே இல்ல, குழந்தைகளை இங்க இறக்கு" என்று அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் இழுக்கும் இடம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் பக்கமும் இதே கதைதான். வற்றம் இறங்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே இழுக்கும். கெடிலம், உப்பனாறு முகத்துவாரம் பக்கம் குளிக்கவே கூடாது.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கரையை பார்த்து நீந்தி சோர்ந்து போவதுதான் சாவுக்கு காரணம். இழுப்பு ஆளை கீழே அமுக்காது, வெளியேதான் கொண்டு போகும். அதனால் மல்லாந்து மிதந்து, ஒரு கையை தூக்கி காட்டி, கத்த வேண்டும். நீந்த தெரிந்தவர்கள் கரைக்கு இணையாக, வடக்கேயோ தெற்கேயோ பக்கவாட்டில் நீந்த வேண்டும். அந்த சந்து பெரும்பாலும் அகலம் குறைவுதான். அதைவிட்டு வெளியே வந்துவிட்டால் அலையே கரைக்கு தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

கரையில் நிற்கும் அப்பாவோ அண்ணனோ உடனே குதித்துவிடுகிறார்கள். ஒரு உயிர் போக வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று போவது இதனால்தான். முதலில் பக்கத்தில் இருக்கும் மீனவர்களை கூப்பிடுங்கள். காலி தண்ணீர் கேன், கயிறு, சேலை, வேட்டி என்று எது கிடைத்தாலும் தூக்கி போடுங்கள். கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108, பொது அவசரத்துக்கு 112.

தூக்கி வந்தவரை தலைகீழாக பிடித்து சுற்றுவது, வயிற்றை அமுக்கி தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் பக்கத்தில் பழக்கம். அது தப்பு. தண்ணீர் வெளியே வருவதைவிட மூச்சு உள்ளே போவதுதான் முக்கியம். மூச்சு இல்லை என்றால் மல்லாக்க படுக்க வைத்து, மூக்கை பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக அழுத்த ஆரம்பிக்க வேண்டும். 108 வரும்வரை நிறுத்தக்கூடாது. மூச்சு வந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயே ஆக வேண்டும்.

கடல் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜூன் 5-ந்தேதி கடலூர் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்று தடுப்பணையில் குளித்த பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். அலையே இல்லாத தண்ணீர் அது. மாவட்டமே அழுத நாள். வழியில் ஆற்றை பார்த்து வேனை நிறுத்தி "ஒரு முழுக்கு போடலாம்" என்று கிளம்புகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் வேனில் பாட்டிலோடு வரும் இளைஞர் கோஷ்டிகள் உண்டு. குடித்துவிட்டு கடலில் இறங்குகிறவனுக்கு பள்ளமும் தெரியாது, அலையும் தெரியாது. கூட வந்த நண்பர்கள்தான் தடுக்க வேண்டும், போலீசால் எத்தனை பேரை பிடிக்க முடியும்?

பிள்ளைகளோடு வருகிறவர்கள் கணுக்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையை விடாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். இருட்டின பிறகு தண்ணீர் பக்கமே வேண்டாம்.

எந்த மாதத்தில் வரலாம்?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஏப்ரல், மே வெயிலுக்கு பள்ளிக்கூட லீவு சேர்ந்து கூட்டம் அதிகம். காணும் பொங்கல் அன்று சில்வர் பீச்சில் நிற்க இடம் கிடைக்காது, பிள்ளைகள் தொலைந்து போகும் நாளும் அதுதான். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை நமது மாவட்டத்தை நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் வந்து, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் ட்ரிப்பை தள்ளி வைத்துவிடுங்கள். பிச்சாவரத்தில் படகையும் நிறுத்திவிடுவார்கள்.

செலவை குறைக்க ஒரு வழி. 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் கடலூர்-சிதம்பரம் ஓடும் வெளியூர் பஸ்களில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று துணி ஒரு செட், குடிக்க தண்ணீர், கட்டுச்சோறு என்று எடுத்து வந்தால் சாப்பாட்டு செலவும் மிச்சம். செல்போனை கட்டி வைக்க பிளாஸ்டிக் கவர் ஒன்று போதும்.

6.15 மணிக்கு மணலை தட்டிவிட்டு எழுந்தால் 7 மணிக்குள் பஸ் ஸ்டாண்ட். நெய்வேலி, விருத்தாசலம், விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூட்டத்தை மனதில் வைத்து, பீச்சிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே ஷேர் ஆட்டோ ஏறிவிடுவது நல்லது. 7 மணிக்கு மேல் பஸ்சில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.